முதலில் மணை செய்யுங்கள்

தச்சு வேலை பழகும் ஆசை வந்ததும் நம்மவர்கள் பலர் நேரே கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். மும்பையில் பத்துக்குப் பத்து அறையில் கட்டில் சட்டத்தை எங்கே போட்டு இழைப்பது?

நானும் தப்பவில்லை. மழைக்காலத்தில் ஊரிலிருந்து அம்மா வந்தார்கள். தரையெல்லாம் ஓதம். சரி, ஒரு நாற்காலி செய்வோம் என்று இறங்கினேன். உட்கார்ந்ததும் ஆடிச் சாய்ந்தது; நல்லவேளை, நான் பிடித்துக்கொண்டேன். ஒரு காலைக் குறைத்தால் இன்னொன்று தூக்கியது. அறுத்து அறுத்துக் கடைசியில் அது முழங்கால் உயரம்கூட இல்லை. "இதற்கு மணையே செய்திருக்கலாமே" என்றார்கள் அம்மா.

செய்தேன். ஒன்றேகால் அடி நீளம், முக்கால் அடி அகலத்தில் ஒரு பலகை. அடியில் குறுக்கே இரண்டு கட்டைகள். அவ்வளவுதான். ஆனால் அளவெடுப்பது, மூலைமட்டம் வைத்துக் கோடு போடுவது, நேராக அறுப்பது, இழைப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கட்டைகளைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். மழையில் பலகை அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். இடம் கொடுக்காவிட்டால் வெடித்துவிடும். நடுத் திருகாணியை மட்டும் இறுக்கி, ஓரத்துத் துளைகளைக் கட்டையின் நீளவாக்கில் சற்று நீட்டிவிட வேண்டும்.

தேக்கு வேண்டாம். ரே ரோடு மரக்கடைகளில் துண்டுப் பலகை கேளுங்கள். சாமான் வரும் பெட்டிப் பலகையும் ஆகும். ஆணியைப் பிடுங்காமல் ரம்பத்தை வைத்தால் பல் போய்விடும்.

காலை வேளையில் தட்டாதீர்கள். அடுத்த அறைக்காரர் அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருப்பார்.