மேலே நீலம், கீழே சிவப்பு

கடலுக்குள் இறங்கினால் முதலில் மறைவது சிவப்பு. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இது தலைகீழ். தண்ணீரில் மிதக்கும் பாசியும் துகள்களும் நீல ஒளியை முதலில் விழுங்கிவிடும். சில மீட்டர் ஆழத்திலேயே சுற்றிலும் செம்மஞ்சள் வெளிச்சம்தான். ஏரியின் தெற்கே, தான்சானியாவில் உள்ள முவான்சா வளைகுடாப் பக்கத்துப் பாறைத் தீவுகளில் இந்த வெளிச்சத்தைப் பங்குபோட்டு வாழ்கின்றன இரண்டு சிக்லிட் மீன்கள். நம் குளத்து ஜிலேபி மீனும் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான்.

புண்டமிலியா புண்டமிலியாவின் ஆண் நீல நிறம். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் இருந்துகொண்டு பூச்சிப் புழுக்களைத் தின்னும். புண்டமிலியா நியெரெரெய் ஆணுக்கு முதுகு சிவப்பு. இன்னும் கொஞ்சம் கீழே வாழ்ந்து, நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிரினங்களைப் பிடிக்கும். (தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நியெரேரேயின் பெயர்தான் இதற்கு.) பெண்களோ இரண்டிலும் மங்கலான நிறம், பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.

நிறம் மட்டுமா வேறு? கண்ணும் வேறு. ஒளியை உணரும் ஆப்சின் என்ற புரதத்தில், ஆழத்து மீனிடம் இருக்கும் வகை சிவப்பை நன்றாகப் பிடிக்கும். ஆக, கீழே இருக்கும் பெண்ணின் கண்ணில் சிவப்பு மாப்பிள்ளை பளிச்சென்று படுவான். உயிரியலாளர் ஓலே சீஹவுசனும் அவருடைய குழுவும் 2008-இல் இதை விரிவாக எழுதினார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களின் பழைய சோதனை ஒன்று. தொட்டிக்கு மேல் வெள்ளை விளக்கைப் போட்டால் பெண் தன் இனத்து ஆணைத் தேடிப் போனது. நிற வேறுபாடே தெரியாதபடி ஒற்றை நிற விளக்குக்கு மாற்றியதும் அந்த விருப்பம் காணாமல் போனது. இரண்டு இனமும் கூடிப் பிறந்த குஞ்சுகளும் வளர்ந்து இனம் பெருக்கக் கூடியவை. இரண்டு இனங்களுக்கும் நடுவே இருந்த வேலியில் பெரும்பங்கு வெளிச்சம்தான்!

அந்த வேலி ஏரியிலேயே சில இடங்களில் சாய்ந்துவிட்டது. வயல்களிலிருந்து வழிந்துவரும் சத்தும் மண்ணும் சேர்ந்து பாசி பெருகி, தண்ணீர் கலங்கிப்போனது. ஓரளவு தெளிந்த நீருள்ள மகோபே தீவில் நீலமும் சிவப்பும் இன்றும் தனித்தனி. வளைகுடாவின் உட்பகுதியில், கலங்கல் மிகுந்த லுவான்சோ தீவிலோ ஒரே கூட்டம். அங்கே பெரும்பாலான ஆண்களை நீலம் என்றும் சொல்ல முடியாது, சிவப்பு என்றும் சொல்ல முடியாது.