முத்தோரையில் அளக்கப்படும் சுழிகள்

உதகையின் குளிர்காலக் காலையில் சூடான தேநீரைச் சன்னலோரம் வைத்துவிட்டு அதன் ஆவியைக் கவனியுங்கள். முதலில் அது நேர்க்கோடாக எழும். ஒரு சாண் ஏறியதும் நெளியும். பிறகு சுருண்டு, பெரிய சுழி சிறு சுழிகளாக உடைந்து மறையும். இதுவே கொந்தளிப்பு ஓட்டம். பெரிய சுழியின் ஆற்றல் சிறிய சுழிகளுக்குப் படிப்படியாகக் கைமாறி, கடைசியில் வெப்பமாகிறது. இக்கைமாற்றத்துக்கு 1941-இல் கணித விதி வகுத்தவர் ரஷ்ய அறிஞர் கோல்மகோரோவ்.

ஆவியின் சுழி கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத சுழியை எப்படி அறிவது? இரவில் விண்மீனைப் பாருங்கள். அது ஏன் மினுக்குகிறது? வானில் உள்ள காற்றுச் சுழிகளில் சில சூடானவை, சில குளிர்ந்தவை. அவை ஒளியை இங்குமங்குமாக வளைக்கின்றன. வியாழன் கோள் அப்படி மினுக்குவதில்லை. அது புள்ளியன்று, சிறு வட்டு. அதன் பல பகுதிகளின் மினுக்கல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஆகவே, புள்ளி போன்ற ஒளிமூலம் கிடைத்தால் அதன் மினுக்கலைக்கொண்டு இடையிலுள்ள சுழிகளை ஆராயலாம் அல்லவா?

இதே வழியில், பூமிக்கு வெளியே உள்ள கொந்தளிப்பையும் அளக்கிறார்கள். சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் வீசுகின்றன. இதற்குச் 'சூரியக் காற்று' என்று பெயர். பூமிக்கருகே ஒரு கன சென்டிமீட்டரில் சில துகள்களே இருக்கும். அவ்வளவு மெல்லிய ஓட்டத்திலும் கொந்தளிப்பு உண்டு. நூறு கிலோமீட்டர் அளவுள்ள அடர்த்தி மாறுபாடுகளும் உண்டு! தொலைவிலுள்ள குவாசர்களின் ரேடியோ அலைகள் இவற்றினூடே வரும்போது, அவையும் மினுக்குகின்றன. 1964-இல் கேம்பிரிட்ஜில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

உதகைக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் அமைந்த ரேடியோ தொலைநோக்கி இந்த ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இவ்வளவு பெரிய கருவிக்கு மலைச்சரிவு எதற்கு? அச்சரிவின் சாய்வு சுமார் 11 பாகை. அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே! எனவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஓர் அச்சில் மட்டும் திருப்பினாலே விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். எனக்கு மிகவும் பிடித்த யுக்தி இது. 92 சென்டிமீட்டர் அலைக்கு மூடுபனியும் தடையில்லை, பகலும் தடையில்லை.

1989 மார்ச்சில் சூரியனிலிருந்து கிளம்பிய புயலொன்று பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கியது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். அத்தகைய புயல் தன் முன்னுள்ள சூரியக் காற்றை நெருக்கித் தள்ளி வருகிறது. அது வரும் திசையிலுள்ள குவாசர்கள் வழக்கத்தைவிட மிகுதியாக மினுக்கும். தினமும் பல குவாசர்களை நோக்கினால் புயல் எங்கே வருகிறது என்று தெரியும். மினுக்கல் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதிலிருந்து அதன் வேகமும் தெரியும். புயல் பூமியை அடைய ஓரிரு நாட்களோ, அதற்குச் சற்று மேலோ ஆகும்.