கை மாறிய காரும் பெயர் மாறாத காப்பீடும்

காப்பு என்பது பழந்தமிழ்ச் சொல். குழந்தையின் கையில் இடுவதும் காப்பு. நூலின் தொடக்கத்தில் இறைவனை வேண்டிப் பாடுவதும் காப்பு. அச்சொல்லோடு ‘ஈடு’ என்பதைச் சேர்த்துக் ‘காப்பீடு’ என நாம் வழங்குகிறோம். இலங்கையிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் ‘காப்புறுதி’ என்பர். காதுக்கு இனியது பின்னதே. எனினும் மோட்டார் வாகனத்தைப் பொறுத்தவரை நம் சொல்லே மெய்ம்மைக்கு நெருக்கமானது எனலாம். இங்கே உறுதி ஏதும் தரப்படுவதில்லை. இழப்பு நேர்ந்தபின் ஈடு தரப்படுகிறது. அந்த ஈடும் பத்திரத்தில் எழுதிய பெயருக்கும் எழுதிய வரம்புக்கும் உட்பட்டே வரும். (கட்டுரை தமிழ்த்துறை மலரில் வருவதால் ‘மகிழுந்து’ என எழுதியிருக்கலாம்தான். ஆனால் உக்கடத்துக் கடைத்தெருவில் அச்சொல்லைச் சொன்னால் எவரும் திரும்பிப் பாரார். ஆகவே ‘கார்’ என்றே எழுதுகிறேன்.)

உக்கடத்தை அறியாத கொங்கு நாட்டார் இலர். பொள்ளாச்சி, பழனி, உடுமலை, பாலக்காடு எனத் தென்திசையும் மேற்றிசையும் செல்லும் பேருந்துகளின் வாயில் அது. ஆத்துப்பாலம் வரையிலான மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டபின் வாகனங்கள் மேலே விரைகின்றன. கீழே பழைய இரும்புக் கடைகளும் பழைய உதிரிபாகக் கடைகளும் தம் தொழிலை நடத்திக்கொண்டிருக்கின்றன. ஒருவர் வேண்டாமெனக் கழித்ததை மற்றொருவருக்கு வேண்டியதாக்கித் தருவது இப்பகுதியின் தனித்திறம். கோவையில் கார்களும் இவ்வாறே கை மாறுகின்றன. தரகர் ஒருவர், இரண்டு படிவங்களில் கையொப்பம், முன்பணம், சாவி ஒப்படைப்பு. ஒரு தேநீர் ஆறுமுன் வணிகம் முடிந்துவிடும். கார்க் காப்பீடு பற்றிய தவறான எண்ணங்களுள் மிகப் பெரியது பிறப்பது இவ்விடத்திலேதான்: ‘விற்றாயிற்று, இனி அது நம் காரன்று’ என்னும் எண்ணம்.

இதன் பொருந்தாமையை உணர, சட்டம் எதைக் கட்டாயமாக்கியது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் 1930இல் இயற்றப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வழியே அக்கட்டாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதனைச் சொல்கிறது. ‘மூன்றாம் தரப்பு’ என்னும்போது முதல் தரப்பு யார் என்று மாணவர் வினவுவதுண்டு. வாகன உரிமையாளர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு. இவ்விருவரின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே சாலையில் அடிபட்டு விழுந்தவர் மூன்றாம் தரப்பு. அவரைக் காப்பதே சட்டத்தின் நோக்கம். காரைக் காப்பது அதன் நோக்கமன்று. காரில் நம்முடன் அமர்ந்து வரும் நண்பருக்குக்கூட, கட்டாயக் காப்பீடு மட்டும் இருப்பின், ஈடு கிடைக்காது என்பதே நீதிமன்றங்கள் பெரும்பாலும் மேற்கொண்ட நிலை. முழுமைக் காப்பீடு எடுத்திருந்தால் அவரும் அதனுள் அடங்குவார்.

அடிபட்டவருக்கு ஈடு கொடுக்க வேண்டியவர் யார்? வாகனத்தின் ‘உரிமையாளர்’. உரிமையாளர் யார்? எவர் பெயரில் வாகனம் பதிவாகியுள்ளதோ அவர் என்கிறது சட்டத்தின் 2ஆம் பிரிவு. பணம் கொடுத்து வாங்கியவர் என்றோ, சாவியை வைத்திருப்பவர் என்றோ அது சொல்லவில்லை. 2009இல் விபத்துக்குள்ளான ஒரு காரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்தக் கார் அதற்குள் பலரிடம் கை மாறியிருந்தது. பதிவோ முதலில் விற்றவர் பெயரிலேயே நின்றது. இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் பதிவேட்டில் உள்ளவரே என 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றும். ஆயினும் மறுபுறம் நின்று காண்க: குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்தோர், கார் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என ஒவ்வொரு கையாகத் தேடி அலைவது எங்ஙனம்? அவர்கள் காணக்கூடியது பதிவெண் ஒன்றுதான். தீர்ப்பு நேரியது என்பதே என் கருத்து.

இனி ஒரு கணக்கு. ஒருவர் தம் பழைய காரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். படிவங்களில் கையொப்பமிட்டுத் தரகரிடம் தந்துவிடுகிறார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. சில மாதங்களில் காப்பீடு காலாவதியாகிறது. விற்றவர் ‘நம் காரன்று’ எனப் புதுப்பிக்கவில்லை, வாங்கியவர் ‘நம் பெயரில் இல்லையே’ எனப் புதுப்பிக்கவில்லை. அந்நிலையில் அக்கார் மோதி, மாதம் 20,000 ரூபாய் ஈட்டிய 30 வயதுத் தொழிலாளி ஒருவர், மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு இறக்கிறார். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி அவரது ஆண்டு வருவாய் 2,40,000. எதிர்கால வளர்ச்சிக்காக 40 விழுக்காடு கூட்ட 3,36,000. அவரது சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கு கழிக்க 2,24,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆக 38,08,000 ரூபாய். ஏனைய சிறு தொகைகளும் வட்டியும் தனி. காப்பீடு உயிரோடிருந்தால் இத்தொகையை நிறுவனம் செலுத்தும். இல்லையெனில் தீர்ப்பாயத்தின் உத்தரவு ஒன்றரை லட்சம் பெற்றவரின் வீட்டுக் கதவைத் தட்டும். வாங்கியவரிடமிருந்து அத்தொகையை மீட்க அவர் முயலலாம். அது அவர் பாடு.

பணத்தோடு முடிவதுமன்று. 2022 அக்டோபர் 23 அன்று உக்கடத்தில் கோட்டை ஈசுவரன் கோயிலின் முன் கார் வெடித்த நிகழ்வை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. அக்கார் பலர் கை மாறி வந்தது என்பதும், காவல்துறை அந்த வரிசையைப் பின்தொடர்ந்தே விசாரித்தது என்பதும் நம் பொருளுக்குப் போதும். என்றோ விற்று மறந்த காரைக் குறித்து ஒருவர் விடை சொல்ல வேண்டிய நாள் எப்படியும் வரலாம்.

வாங்குவோர் பக்கத்திலும் மயக்கம் குறைவன்று. ‘இன்சூரன்ஸ் ஆறு மாதம் இருக்கிறது’ என்று தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது யாருக்கு இருக்கிறது? சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி, விற்பனை நிகழ்ந்த நாள்முதல் காப்பீடும் வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும்; 14 நாள்களுக்குள் அவர் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். இக்கருத்தளவிலான மாற்றம் மூன்றாம் தரப்புக்கு மட்டுமே உரியது என உச்ச நீதிமன்றம் 1996இல் தெளிவாக்கிவிட்டது. அவ்வழக்கின் பொருளும் கை மாறிய ஒரு மாருதி காரே. பெயர் மாற்றாதவரின் கார் நொறுங்கினாலும் களவு போனாலும் ஈடு கேட்க அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தமே இல்லை. உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பும் பதிவு பெற்ற உரிமையாளருக்கே உரியது. வாங்கி ஓட்டியவர் இறந்தால் அவர் குடும்பம் அத்தொகையைப் பெற இயலாது. இவ்வளவும் ஓர் எளிய விண்ணப்பத்தால் தவிர்க்கக்கூடியவை.

ஈடு கோராத ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் தரப்படும் ‘நோ கிளைம் போனஸ்’ என்னும் தள்ளுபடியும் இதே குழப்பத்துக்கு ஆளாகிறது. முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை உயரும் அச்சலுகை ஓட்டியவரின் நன்னடத்தைக்கு உரியது, காருக்கு உரியதன்று. காரை விற்றவர் நிறுவனத்திடம் சான்று பெற்று, மூன்றாண்டுக்குள் தாம் வாங்கும் அடுத்த காருக்கு அதனைக் கொண்டு செல்லலாம். பலர் அறியாமல் இழக்கின்றனர்.

‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்னும் சொல்லைப் போல் மக்களை ஏமாற்றிய சொல் வேறில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், மின்கலம் ஆகியவற்றுக்குத் தேய்மானமென 50 விழுக்காடு கழிப்பர். ஐந்தாண்டு கடந்து பத்தாண்டு நிறையாத காரின் உலோகப் பாகங்களுக்கு 40 விழுக்காடு. இக்கழிவு வேண்டாமெனின் கூடுதல் கட்டணத்தில் தனிப்பிரிவு எடுத்திருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் லங்கா கார்னர் பாலத்தடியில் நீர் தேங்குவதைக் கோவையார் அனைவரும் கண்டிருக்கின்றனர். நின்ற நீரில் கார் அணைந்துவிட்டால் ஓட்டுநர் செய்யும் முதற்செயல் மீண்டும் சாவியைத் திருப்புவது. நீர் உட்புகுந்த எஞ்சின் அக்கணமே பழுதாகும். வெள்ளத்தால் நேரும் சேதத்துக்கு முழுமைக் காப்பீடு பொறுப்பேற்கும். இவ்வாறு பின்விளைவாக நேர்ந்த எஞ்சின் பழுதுக்கு, அதற்கெனத் தனிப்பிரிவு இல்லையேல், ஈடு மறுக்கப்படுவதே வழக்கம். சாவியைத் தொடாமல் காரைத் தள்ளிச்சென்று பட்டறைக்குச் சொல்வதே அறிவுடைமை.

புதிய கார் வாங்குவோர்க்கும் ஒரு சொல். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மூன்றாண்டுக்கு ஒருசேர எடுக்க வேண்டும். ‘மூன்று வருடம் இருக்கிறது’ என்று எண்ணி, ஓராண்டுக்கு மட்டும் எடுத்த சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்க மறப்போர் உளர்.

விற்போர் செய்ய வேண்டியது யாது? 29, 30ஆம் எண் படிவங்களில் தேதியும் வாங்குபவர் பெயரும் இன்றி வெற்றுக் கையொப்பம் இடலாகாது. விற்பனையை 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தல் விற்றவரின் கடமை. கேரளப் பதிவு பெற்ற கார் தமிழகத்துக்கு விற்கப்படுவது போல மாநிலம் கடந்த விற்பனையாயின் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய கார் வணிகரிடம் காரை ஒப்படைத்து அதனை இணையவழியே பதிவு செய்துவிட்டால், அந்நாள்முதல் அவ்வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். தம்மிடம் கார் தருவோர் அந்த அங்கீகாரச் சான்றைக் கேட்டால் நேர்மையான வணிகர் எவரும் முகம் சுளியார்.

தகவல் தெரிவித்ததோடு நில்லாமல், பெயர் உண்மையில் மாறியதா எனப் பார்த்தல் வேண்டும். ‘எம்-பரிவாகன்’ செயலியில் பதிவெண்ணை இட்டால் உரிமையாளர் பெயரும் காப்பீடு முடியும் நாளும் தெரியும்; பெயரின் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருப்பினும் அது நம் பெயரா என்பதை நாம் அறியாமலிரோம். விற்ற ஒரு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள். பெயர் மாறாதிருப்பின், மாறும் வரையில் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை அறுபடாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு. 2022 ஜூன் முதல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி, ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு சி.சி. வரையிலான காருக்கு அதன் ஓராண்டுத் தொகை, வரி நீங்கலாக, 3,416 ரூபாய்.