உங்களுக்குத் தெரியுமா? – பால் குடிக்கையில் வியர்க்கும் பச்சிளங்குழந்தை
இதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் இடது கரோனரி தமனி, மகாதமனிக்குப் பதிலாக நுரையீரல் தமனியிலிருந்து கிளைத்துவிடும் அரிய பிறவிக் கோளாறு, 1933-இல் அதை விவரித்த பாஸ்டன் மருத்துவர்களான பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் ஆகியோர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிறந்த சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் இயல்பாகத் தணியும்போதுதான் இடது கீழறைத் தசை போதிய இரத்தமின்றி நலியத் தொடங்குகிறது. பால் குடிக்கையில் குழந்தை வியர்த்து, வெளிறி, மூச்சிரைத்து வீறிடுவதை வெறும் வயிற்றுவலி என்று விட்டுவிடுவது மிகவும் வருந்தத்தக்கது. ஏனெனில் சிகிச்சை பெறாத குழந்தைகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடப்பதில்லை. இ.சி.ஜி.யில் தோன்றும் ஆழ்ந்த கியூ அலைகள் ஐயத்தை எழுப்ப, எக்கோ பரிசோதனை தமனியின் பிறப்பிடத்தைக் காட்ட, அறுவை மருத்துவர் அதனை மகாதமனியில் பொருத்தியபின் இதயத் தசை பெரும்பாலும் படிப்படியாக வலுப்பெறுகிறது.