சரிவுக் காணிக்கு வெட்டிவேர் வேலி

மண்சரிவு அபாயத்தால் இடம்பெயர்ந்து பசறைப் பகுதியில் குடியேறியோர் நம்மிடம் கேட்பது, புதுக் காணியில் மண் நிற்குமா என்பதே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்ததை இம்மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை.

மலையே நகர்ந்தால் எந்தப் புல்லும் தடுக்காது. நிலத்தில் வெடிப்பு, திடீரென ஊறும் கலங்கல் நீர், சாயும் மரம் ஆகியவற்றைக் கண்டால் உடனே வெளியேற வேண்டும். ஆனால் மரக்கறிப் பாத்தியிலிருந்து மழை அரித்துச் செல்லும் மேல்மண்ணை வெட்டிவேர் நிறுத்தும். தேயிலை பிடுங்கிய நிலத்தில் மானாவும் குவாத்தமாலாப் புல்லும் நட்டு மண்ணைத் தேற்றியதை நம் பெரியவர்கள் அறிவார்கள். வெட்டிவேர் அவற்றின் உறவுதான். வேர் பக்கமாகப் படராது, நேர் கீழாக 3 மீற்றர் வரை இறங்கும். ஆகவே 7 பேர்ச் காணியிலும் பயிருக்கு இடைஞ்சல் இல்லை. பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் 1950களிலேயே இதைக்கொண்டு மண்ணைக் காத்தார்கள்.

ஒக்டோபர் மழை பிடித்ததும் நடுங்கள். தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில், 4 முதல் 6 அங்குல இடைவெளியில் வரிசையாக நட வேண்டும். செத்த கன்றுக்குப் பதில் கன்று நடாமல் விட்டால், வெள்ளம் அந்த ஓட்டையைத்தான் தேடி வரும். பலருடைய வேலி கெடுவது இந்தச் சோம்பலால்தான். வளர்ந்தபின் முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். இளம் இலை மாட்டுக்கு, முற்றியது பாத்திக்கு மூடாக்கு.

வாசனைக்காக வேரை விலைகொடுத்து வாங்குவோர் உண்டு. வேலியில் நட்டதைத் தோண்டாதீர்கள். விற்பதற்கு வேண்டுமானால் மண் நிரப்பிய உரப்பைகளில் தனியாக நடுங்கள்.