வகுப்பறைக்கு எந்தப் பிராணி?

சிறு வகுப்பில் ஓர் உயிர்ப் பிராணியை வளர்க்கலாமா என்பது தோட்டப் பாடசாலை ஆசிரியர் பலருக்கும் எழும் கேள்வி. 1999இல் தரம் 1இல் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' என்ற பாடத்தைத் தந்தது. பிள்ளை தானே பார்த்து, செய்து அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே வளர்க்கலாம் என்றே நாம் சொல்வோம். ஆனால் எதை வளர்ப்பது என்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: தவணை விடுமுறையில் அதற்குச் சாப்பாடு போடுவது யார்?

விடுமுறை விட்டதும் ஆசிரியர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்றால், லயத்துக் காம்பராவில் ஆட்களுக்கே இடம் போதாது. அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும். இதை யோசிக்காமல் வாங்கிய முயல், கூட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்து சாகும். முயலுக்குத் தினமும் புல் வேண்டும். மலையில் அறுக்கும் புல்லில் களைநாசினி பட்டிருந்தால் அதுவும் ஆபத்து.

நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் வகுப்பறைக்கு வேண்டாம். விசர்நாய் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. குட்டி கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மரப்பொந்திலிருந்து பிடித்த கிளிக்குஞ்சையோ, மொனராகலைப் பக்கத்து நட்சத்திர ஆமையையோ பிள்ளைகள் ஆசையோடு கொண்டுவரக்கூடும். காட்டுயிர்களைப் பிடித்து வளர்ப்பதைத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. ஆமையில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் உடம்பிலுள்ள சல்மொனெல்லா கிருமி பிள்ளைகளின் கைவழியே வயிற்றுக்குப் போகும். அமெரிக்காவில் 1975இல் சிறிய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது இதனால்தான்.

எங்கள் தெரிவு கப்பி மீன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் சிறு மீன் விலை மலிவு. கடிக்காது, சத்தம் போடாது. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். ஒரு பெண் மீன் ஏறத்தாழ மாதம் ஒரு தடவை ஈனுவதால் தரம் 2 பிள்ளைகளுக்கு எண்ணுவதற்குக் கணக்கும் கிடைக்கும். தாயே குஞ்சைத் தின்னும். ஒளிந்துகொள்ள நீர்ச்செடி போட்டு வையுங்கள். நுளம்புக் குடம்பிகளை இது விரும்பித் தின்னும். எறிந்து கிடக்கும் டின்னில் தேங்கிய தண்ணீரிலிருந்து நாலு குடம்பிகளை எடுத்து மீனுக்குப் போட்டுக் காட்டினால், டெங்குப் பாடம் நடத்த வேறு படம் தேவையில்லை. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையில், அந்த ஒழிப்புப் பணியிலும் குடம்பி தின்னும் மீன்கள் உதவின.

வாய் அகன்ற கண்ணாடித் தொட்டியோ, சிறு சீமெந்துத் தொட்டியோ போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் வைத்துப் பிறகு ஊற்றுங்கள். பீலித் தண்ணீர் நல்லதுதான். ஆனால் மேலே மருந்தடித்த மலையிலிருந்து வரும் தண்ணீரானால் மீன் செத்துவிடும். (பிள்ளைகளும் அதைக் குடிக்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?) சாப்பாடு ஒரு சிட்டிகைதான். பட்டினியால் சாவதைவிட, பிள்ளைகள் போட்டிபோட்டு அள்ளிப்போடும் தீனி அழுகிச் சாகும் மீன்களே அதிகம். பாசியும் செடியும் உள்ள பெரிய தொட்டியானால் சில நாள் தீனி இல்லாமலும் தாங்கும். நீண்ட விடுமுறைக்குப் பாடசாலைக்குப் பக்கத்து லயத்தில் ஒருவரைச் சொல்லி வையுங்கள். குஞ்சு பெருகிவிட்டதென்று ஓடையில் மட்டும் விடாதீர்கள். நம் ஓடைகளில் வாழும் சிறு மீன்களுக்கு அது கேடு.

மீன் சாகும் நாளும் வரும். பிள்ளைகள் காணுமுன் எடுத்து எறிந்துவிட்டு, புது மீனை விட்டு ஏமாற்றுவது சரியல்ல. செத்துவிட்டது என்றே சொல்லுங்கள். ஏன் என்று கேட்பார்கள். தண்ணீரை அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கும் அதைச் சூழ்ந்த தாழ்வான தோட்டங்களுக்கும் இது பொருந்தும். 1,400 மீற்றருக்கு மேலேயுள்ள அப்புத்தளைப் பக்கத்துக் குளிரைக் கப்பி தாங்குவது கஷ்டம். அங்கே தேசிச் செடியோ கறிவேப்பிலையோ நட்டு, அதில் வரும் வண்ணத்துப்பூச்சிப் புழுவைப் பிடிக்காமல் செடியிலேயே பார்க்க விடுங்கள். முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு இலைப் பச்சையாகவும் இருக்கும். பின்னர் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். குளிரில் நாட்கள் கூடும் என்பதால் தவணை தொடங்கியதுமே தேடத் தொடங்குங்கள். சிறகு காய்ந்ததும் அது தானாகப் பறந்துவிடும். விடுமுறையில் சாப்பாடு போட ஆள் தேட வேண்டியதில்லை.