சாவ்தான்: காக்கி உடுப்பும் வருகைப் பதிவேடும்

1

எழுதுகிற நண்பர்கள் மத்தியில் 'நான் காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவன்' என்று சொல்வது கொஞ்சம் சங்கடமான காரியம். செங்கல்பட்டில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடிக்கையில் இதைச் சொல்லப்போக, தோழர் ஒருவர் 'அப்ப நீங்களும் அரசின் கருத்தியல் எந்திரத்துல ஒரு பல்சக்கரமா இருந்துட்டுத்தான் வந்திருக்கீங்க' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அல்தூஸரை அவர் ஒழுங்காகப் படித்திருக்கிறார். ஆனால் அந்தப் பல்சக்கரங்கள் எந்த ஊரிலிருந்து, எத்தனை மணி பஸ்ஸில், எதற்காக வந்து சேர்ந்தன என்பதைப் பற்றி அவரிடம் கேள்வி எதுவும் இல்லை. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பையும் பகுதிநேரப் படைப்பயிற்சியையும் ஒரே உடம்பு எப்படிச் சுமக்கிறது? இதை நாம் விவாதித்ததே இல்லை. தேசியவாதிகள் இதை ஒழுக்கம் என்று கொண்டாடுகிறார்கள். நாம் அடக்குமுறை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இரண்டு பேச்சிலும் அந்தப் பையனோ பெண்ணோ இல்லை.

2

முதலில் கொஞ்சம் வரலாறு. 1878 ஆயுதச் சட்டத்தால் இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதற்கு அஞ்சிய காலனிய அரசுதான், முதல் உலகப் போரில் ஆள் போதாமல் போனபோது, 1917இல் பல்கலைக்கழகப் படைப்பிரிவைத் தொடங்கியது. 1920இல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பெயர் மறுபடியும் மாறியது. போர் வரும்போதெல்லாம் மாணவன் ஞாபகத்துக்கு வருகிறான். 1946இல் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் குழு, 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம், அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவு. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 1968இல் மீண்டும் விருப்பமாக்கினார்கள். 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் பக்கத்திலேயே இன்னொரு வாசலாகத் திறந்தது.

சட்டத்தில் முக்கியமான வரையறை ஒன்று உண்டு: இந்தப் படையில் இருப்பதாலேயே எந்த மாணவரும் போர்ப் பணிக்கு அழைக்கப்படக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார். அதாவது இது சேமப்படை அல்ல, சேமப்படையின் நிழல். நிஜமான பகுதிநேரப் படை நம்மிடம் இருக்கிறது. பிராந்திய ராணுவம் என்று அதற்குப் பெயர்; 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கி வைத்தார். ஆனால் அதில் சேர ஏற்கனவே வேலையோ வருமானமோ இருக்க வேண்டும். ஆக, வேலை இருப்பவருக்குப் பிராந்திய ராணுவம், வேலை தேடப் போகிறவருக்கு என்.சி.சி.

மற்ற இடங்களில் இந்த உறவு வேறு மாதிரி. சிங்கப்பூரில் நம் தமிழ்ப் பையன்கள் இரண்டு வருஷம் முழுநேரச் சேவை முடித்த பிறகுதான் பெரும்பாலும் பல்கலைக்கழகம் போகிறார்கள். அதன் பிறகும் ஆண்டுக்கு நாற்பது நாள் வரை முகாமுக்கு அழைக்கப்படலாம். அமெரிக்காவில் கல்லூரியிலேயே அதிகாரிப் பயிற்சி உண்டு. படிப்புச் செலவை ராணுவம் ஏற்றால், பிறகு சேவையால் அதைக் கழிக்க வேண்டும். அங்கே ஒப்பந்தம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது: இவ்வளவு பணம், இவ்வளவு வருஷம். நமது ஒப்பந்தத்தில் கடமையும் இல்லை, கூலியும் இல்லை. கைமாறுவது ஒரு சான்றிதழ் மட்டும்.

3

அந்தச் சான்றிதழுக்குள் இருக்கும் கணக்கைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் 'பி', மூன்றாம் ஆண்டில் 'சி'. பரீட்சை எழுத வேண்டுமானால் அணிவகுப்பு வகுப்புகளில் எழுபத்தைந்து சதவீதம் வருகை, கூடவே முகாம். கல்லூரியில் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதவும் எழுபத்தைந்து சதவீதம் வருகை. இரண்டு எழுபத்தைந்துகள், ஒரே பையன். முகாம் என்றால் பத்து நாள் வெளியே. அந்தப் பத்து நாளுக்கு 'ஓ.டி.' உண்டு என்பார்கள். ஓ.டி. காகிதம் படைப்பிரிவு அலுவலகத்திலிருந்து என்.சி.சி. பொறுப்பாசிரியருக்கு வந்து, அவரிடமிருந்து துறைத்தலைவர் மேஜைக்குப் போய், வகுப்பாசிரியரின் பதிவேட்டில் ஏற வேண்டும். வழியில் எங்காவது நின்றுவிடும். வருகை கிடைத்தாலும் போன பாடம் திரும்பி வராது. இன்டர்னல் தேர்வு முகாம் நாளில் வந்தால் மறுதேர்வு என்பது ஆசிரியரின் மனசைப் பொறுத்தது. என் ஆசிரியர் ஒருவர் 'துப்பாக்கி பிடிக்கிற கைக்குத் தொல்காப்பியம் எதுக்குப்பா?' என்று கேட்டுவிட்டு பூஜ்ஜியம் போட்டார். அடுத்த வாரம் மைதானத்தில் ஹவில்தார் கேட்டது: 'தமிழ் படிச்சு என்ன பண்ணப் போற?' இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. உன் நேரம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அந்தக் கேள்வி.

ஃபூக்கோ 1975இல் எழுதிய 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் பணிவுடல்களைப் பற்றிய பகுதி படைவீரனிலிருந்துதான் தொடங்குகிறது. பிறவியிலேயே வீரனாக அடையாளம் காணப்பட்டவன், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்து எடுக்கப்படக்கூடியவனாக மாறுகிறான். களிமண் போன்ற குடியானவ உடம்பைப் பிசைந்து வீரனாக்கலாம் என்ற நம்பிக்கை வருகிறது. பள்ளி, பட்டாளம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் கால அட்டவணை ஒன்றுதான் என்கிறார். சரி. ஆனால் செங்கல்பட்டில் ஒரே உடம்பின்மேல் இரண்டு அட்டவணைகள் ஒன்றையொன்று மதிக்காமல் மோதிக்கொள்கின்றன. மூன்றாவது அட்டவணை ஒன்றும் இருக்கிறது. அது வீட்டினுடையது.

4

என்னோடு படித்த ஒருவன் மாமல்லபுரத்துக்குப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அவன் குடும்பம் தற்காலிகக் குடியிருப்பில் இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு ஃபைபர் போட்டில் அப்பாவோடு கடலுக்குப் போவான். அணிவகுப்பு நாளில் போகமாட்டான். அன்றைக்கு அவன் பங்கு கிடையாது. முதல் பஸ்ஸைப் பிடித்து திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் தாண்டி வந்தால் ஆறரை மணி 'ஃபாலின்' பத்து நிமிஷம் தவறிவிடும். தவளைப் பாய்ச்சல் தண்டனை. கடலில் வலை இழுத்துக் காய்த்த கையைப் பார்த்து ஹவில்தாரே ஒருமுறை 'நல்ல கை' என்றார். ஆனால் தண்டனையைக் குறைக்கவில்லை.

'ஏன்டா வர்ற?' என்று கேட்டேன். 'ஷூ குடுக்கறாங்க, டிபன் குடுக்கறாங்க, போலீஸ் செலக்‌ஷன்ல மார்க்கு குடுக்கறாங்க. வேற யார்ரா எனக்கு மூணு குடுக்கறாங்க?' என்றான். இதைவிடச் சுருக்கமான அரசியல் பொருளாதாரத்தை நான் படித்ததில்லை. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் என்.சி.சி.க்கு சிறப்பு மதிப்பெண் உண்டு. 'சி' சான்றிதழ் இருந்தால், பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல.

இன்னொருவன் காரணைப் பக்கத்துச் சேரிக்காரன். அவன் சொன்ன காரணம் வேறு: 'இந்த டிரெஸ்ஸ போட்டுக்கினா நீ எந்தத் தெருன்னு எவனும் கேக்க மாட்டான்.' ஊர் வழியாக சைக்கிளில் காக்கியோடு போகும்போது அவன் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. உடுப்பு என்பது சாதி உடம்பின்மேல் போட்ட தற்காலிகத் திரை. தற்காலிகம்தான். ஆனாலும் வாரத்தில் இரண்டு காலை அது வேலை செய்தது.

இந்த மண்ணில் அதற்கு ஒரு கனமான பின்னணி உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதியது 1891இல். பஞ்சமி நில ஆணை 1892இல். அந்த நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். சுட்டதும் காக்கிதான். தெருவை மறைக்க அவன் போட்டுக்கொண்டதும் காக்கிதான். 'இது ரெண்டும் உனக்கு உறுத்தலையா?' என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். 'உறுத்துது. அதுக்காக எப்பவும் சுடப்படற பக்கமே நிக்கணுமா?' என்றான். இந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. பதில் இருப்பதுபோல நாம் எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வருகிறது.

5

கட்டளையின் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தை நிராகரித்துத் தீர்மானம் போட்டது. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பதும் அதில் அடக்கம். நாற்பது வருஷம் கழித்து நான் மைதானத்தில் கேட்டது 'சாவ்தான்', 'விஷ்ராம்'தான். பையன்கள் அதைச் 'சாவுதான்' என்று சொல்லிக்கொள்வார்கள். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றால் அது மொழிபெயர்ப்பாகவே தெரியும். அர்த்தம் தெரியாத சொல்லுக்கு உடம்பு நிமிர்கிறது என்பதில் அதிகாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே சொல்லைப் பின்வரிசை தன் நாக்கில் திருப்பிப் போட்டுச் சிரிக்கிறது. விளித்தவுடன் திரும்பிவிடும் தன்னிலை என்று அல்தூஸர் சொன்னாரே, அது திரும்பும்போது உதட்டுக்குள் என்ன முணுமுணுக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

பயிற்சி பணிவை மட்டுமே உற்பத்தி செய்யும் என்றால் 1965ஐ எப்படி விளக்குவது? என்.சி.சி. கட்டாயமாக இருந்த வருஷங்களின் மாணவர்கள்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களை அடக்க ராணுவம் வந்தது. பட்டாள நடை கற்ற கால்கள் எதிர்த்திசையில் ஊர்வலம் போயின. இதன் மறுபக்கமும் உண்டு. 1970 மே 4 அன்று, அமெரிக்காவின் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தில் போர் எதிர்ப்பு மாணவர்களைச் சுட்டு நான்கு பேரைக் கொன்றது ஒஹாயோ தேசியக் காவல் படை. அது பகுதிநேர வீரர்களின் படை. அதற்கு இரண்டு நாள் முன்பு அதே வளாகத்தில் எரிந்தது மாணவர் படைப்பயிற்சிக் கட்டடம். பகுதிநேரம் என்பது பாதி அப்பாவித்தனம் அல்ல. உத்தரவு வரும் அந்த ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் முழுநேரம்தான்.

6

இப்போது நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கிறது. 2021இல் என்.சி.சி.யைக் கல்லூரியில் விருப்பப்பாடமாக்கி அதற்கு கிரெடிட் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. செய்யும் கல்லூரியில் அந்த இரண்டு எழுபத்தைந்துகளின் சண்டை கொஞ்சம் தணியலாம். 2022 ஜூனில் அக்னிபத் வந்தது. நான்கு வருஷச் சேவை, நிரந்தரமாகத் தங்குவது அதிகபட்சம் கால்வாசிப் பேர். என்.சி.சி. சான்றிதழுக்கு அங்கே கூடுதல் மதிப்பெண். கல்லூரியில் சேர்கிற வயசிலேயே படைக்கு ஆளெடுக்கிறார்கள். பட்டத்தைத் தொலைதூரத்தில் வாங்கிக்கொள், பாதி கிரெடிட் பணிப்பயிற்சிக்கே தருகிறோம் என்கிறார்கள். முன்பு படை கல்லூரியின் மைதானத்தில் ஒரு மூலையில் இருந்தது. இனி கல்லூரி படையின் ஒரு மூலையில் இருக்கும். படிப்பும் பயிற்சியும் என்ற சமன்பாடு, படிப்பா பயிற்சியா என்று மாறுகிறது. இந்தக் கேள்வி மாமல்லபுரத்துக் குப்பத்திலும் காரணைச் சேரியிலும்தான் விழும். அண்ணா நகரில் விழாது.

என்.சி.சி.யை ஒழிக்க வேண்டும் என்று எழுதுவது எனக்கு இப்போது சுலபம், என்னிடம் எம்.ஏ. இருக்கிறது. அந்தக் கோரிக்கைக்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. முகாம் நாளின் இன்டர்னலுக்கு மறுதேர்வு ஆசிரியரின் தயவாக இல்லாமல் விதியாக வேண்டும். ஓ.டி. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மாணவன் அலையக் கூடாது. கட்டளை தமிழில் வேண்டும். படைக்குப் போகாமலே ஒரு ஜோடி ஷூவும் காலை டிபனும் அரசுக் கல்லூரி மாணவனுக்குக் கிடைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது நடந்தால், மைதானத்தில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அப்போது மிஞ்சுகிறவர்களிடம் தாராளமாக அல்தூஸர் பேசலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பொறுக்க எங்களை அழைத்துப் போனார்கள். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே வரிசையாக நின்றோம். போட்டைக் கரையேற்றிக்கொண்டிருந்த நண்பனின் அப்பா, தலை நிமிர்ந்து பார்த்தார். காக்கியைப் பார்த்ததும் கயிறைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். பழக்கம். அப்புறம்தான் மகனை அடையாளம் தெரிந்தது.

'இன்னாடா, யார புடிக்க வந்துகிறீங்க?' என்றார்.

'யாரையும் இல்ல நைனா. பிளாஸ்டிக் பொறுக்க வந்துகிறோம்.'

அவர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அப்பா தன்னைப் பார்த்து நிமிர்ந்து நின்ற அந்த ஒரு நொடியை அவன் பஸ்ஸில் வரும்போது இரண்டு தரம் சொன்னான். சந்தோஷமாகச் சொன்னானா, வலித்துச் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவன் போலீஸில் சேர்ந்தான்.